பாதிப் பாடம்

“அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு” என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். நாமும் அதனைச் சிறுவயது முதலே அறிவோம். மறையுரைகளில் பலமுறை எடுத்தாண்டும் இருக்கின்றோம். ஆயினும், அப்பழமொழியைத் திருப்பிப் போட்டுப் பார்க்க நமக்கு ஐம்பது வயதைக் கடக்க வேண்டியிருந்தது. நஞ்சென்று நாம் தூற்றிய ஒன்று, அளவறிந்து கொடுப்போர் கையில் ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும் அமுதமாக இருந்தது. அதனை உணராது நாம் பேசிய பேச்சினால் விளைந்த கேட்டினையும், அதன்பின் நாம் கற்றுக்கொண்டவற்றையும், இல்லந்தோறும் செல்லும் இவ்விதழில் எழுதிவைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

குருமடத்தில் தத்துவ இயல் பயின்ற நாட்களிலேயே இரைப்பு நோய் நம்மைப் பற்றிக்கொண்டது. மார்கழிப் பனியிலும் பழைய நூல்களின் தூசியிலும் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கி, அவற்றில் சாய்ந்தவாறே விடியலை எதிர்நோக்கியிருந்த இரவுகள் பல. 2016ஆம் ஆண்டில் புதிய பங்கொன்றிற்கு மாற்றலாகிச் சென்றபோது, அன்பர் ஒருவர் நம்மீதுள்ள இரக்கத்தால், இரைப்புக்குப் பொடி கொடுக்கும் ஒருவரிடம் நம்மை அழைத்துச் சென்றார். பெயரும் ஊரும் எழுதாத சிறு பொட்டலங்கள். நாள்தோறும் காலையில் ஒன்றைத் தேனில் குழைத்து உண்ண வேண்டும். “வெறும் மூலிகைதான், சாமி, பக்கவிளைவே கிடையாது” என்றார் கொடுத்தவர். சில நாட்களிலேயே மூச்சு இலேசாயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின் படுத்து உறங்கினோம். அந்த நன்றியுணர்ச்சியில், பொட்டலத்தினுள் இருப்பது யாதென்று கேட்கவும் தோன்றவில்லை. ஆறு ஆண்டுகள் அப்பொடியை விடாது உண்டோம்.

பசி பெருகியது. கன்னங்கள் உப்பின. “புதுப் பங்கு சாமிக்கு ஒத்துக்கொண்டது” என்று மக்கள் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். ஆனால், வயிறு பருக்கப் பருக்கக் கைகால்கள் மெலிந்து வந்ததை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. தரையில் அமர்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. எங்கேனும் சற்று இடித்துக்கொண்டாலும் தோலில் ஊதாநிறத் திட்டுகள் தோன்றின. நம் குடும்பத்தில் எவருக்கும் இல்லாத சர்க்கரை நோய் வந்தது. திருவிழாவுக்காகப் பெஞ்சு ஒன்றைத் தூக்கியபோது முதுகில் சுளீரென்றது. முதுகெலும்பின் கணு ஒன்று அமுங்கி நொறுங்கியிருந்ததைப் பின்னரே அறிந்தோம். இவை அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று நமக்கு அப்போது எவ்வாறு தெரியும்? வயதின் கோளாறு என்று ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

2022ஆம் ஆண்டில் வருடாந்தரத் தியானத்திற்குச் சென்றபோது பொட்டலங்களை மறந்து வந்துவிட்டோம். மூன்றாம் நாள் குமட்டலும் வாந்தியும் தொடங்கின. நான்காம் நாள் காலை, சிற்றாலயத்தில் எழுந்து நின்ற நாம் அப்படியே சாய்ந்தோம். மருத்துவமனையில் நம்மைச் சோதித்த மருத்துவர் இளைஞர்; ஆயினும் கூர்மையானவர். நம் முகத்தையும் வயிற்றையும் நெடுநேரம் உற்று நோக்கினார். இரத்தச் சோதனையின் முடிவு வந்தபின், “ஃபாதர், உங்கள் முகத்தைப் பார்த்தால் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் மிக அதிகமாக உள்ளவர்போல் இருக்கிறீர்கள். இரத்தத்திலோ அது ஏறக்குறைய இல்லவே இல்லை. இந்த இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் ஒரே காரணந்தான். வெளியிலிருந்து ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள்” என்றார். நாம் பொட்டலத்தின் கதையைச் சொன்னோம். அவர் தலையசைத்தார்; அவருக்கு அது புதிய கதை அன்று.

இனிமேல்தான் நம் தவறு தொடங்குகிறது. பங்கிற்குத் திரும்பியபோது நம் உள்ளம் கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு, மறையுரையின் இறுதியில், நமக்கு நேர்ந்ததை விரித்துரைத்தோம். அதனோடு நிறுத்தியிருக்கலாம். “ஸ்டீராய்டு என்பது நஞ்சு. உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே குப்பையில் எறியுங்கள்” என்றும் முழங்கினோம். 2021ஆம் ஆண்டில் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, ஸ்டீராய்டையும் கறுப்புப் பூஞ்சை நோயையும் சேர்த்துப் பேசிய செய்திகளை மக்கள் ஏற்கெனவே கேட்டிருந்தனர். ஆகவே நம் சொல் ஈர மண்ணில் விழுந்த விதையாயிற்று.

அன்று கோவிலில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய் இருந்தார். அவருடைய ஏழு வயது மகனுக்கு ஐந்தாம் வயதிலிருந்தே சிறுநீரக நோய். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்பார்கள். சிறுநீரில் புரதம் கசிந்து வெளியேற, உடலெங்கும் நீர் கோத்து வீங்கும் நோய் அது. அரசு மருத்துவமனையில் பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடியும், மருந்தைக் குறைத்தால் சில மாதங்களில் மீண்டும் வரும், மீண்டும் மாத்திரை. முகம் முழுநிலவுபோல் உருண்டது. பள்ளியில் பிள்ளைகள் அவனைப் ‘பூசணி’ என்றார்கள். அந்தத் தாயை எல்லாவற்றினும் வருத்தியது வேறொன்று: முந்திய ஆண்டு கிறிஸ்மசுக்குத் தைத்த காற்சட்டை இடுப்பில் மட்டும் இறுகியிருந்தது, நீளமோ அப்படியே சரியாக இருந்தது. அவனைவிட இரண்டு வயது இளைய தங்கை அவன் தோளுக்குமேல் வளர்ந்துவிட்டாள்.

ஏற்கெனவே கலங்கியிருந்த அந்த உள்ளத்தில் பங்குச்சாமியின் சொல் எவ்வாறு இறங்கியிருக்கும்! பத்தாம் நாள் இரவு பதினொரு மணிக்குப் பங்கு இல்லத்தின் கதவு தட்டப்பட்டது. பையனின் கண்கள் திறக்க முடியாதபடி இமைகள் வீங்கியிருந்தன. காய்ச்சல் அனலாய் அடித்தது. வயிற்றுவலியால் துவண்டு, கூப்பிட்டால் முனகினான். “என்ன மாத்திரை கொடுத்தீர்கள், அம்மா?” என்று கேட்டோம்.

“ஒன்றும் கொடுக்கவில்லை, சாமி. நீங்கள் சொன்ன அன்றைக்கே நிறுத்திவிட்டேன். எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன்.”

அவருடைய குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. சொன்னபடி செய்தேன் என்னும் பணிவே இருந்தது. அதுவே நம்மை இன்றளவும் உறுத்துகிறது.

பங்கு வண்டியிலேயே அவனை மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். குழந்தைகள் பிரிவில் இருந்த பெண் மருத்துவர், ஒரு நொடியும் வீணாக்காமல் இரத்தக் குழாய் வழியே உப்புநீரும் நோய்க்கிருமிக்கு எதிரான மருந்தும் ஏற்றினார். அவற்றோடு அவர் முதலில் செலுத்தியது, நாம் நஞ்சென்று கூறிய அதே ஸ்டீராய்டு! விடியற்காலையில் பையன் கண்விழித்துத் தண்ணீர் கேட்டான். தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த நம்மிடம் வந்த மருத்துவரிடம் நடந்ததை மறைக்காமல் கூறினோம். அவர் சினங்கொள்ளவில்லை. “ஃபாதர், நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டு சொல்லியிருக்கலாம்” என்றார். பையன் அங்கிருந்த இரண்டு வாரங்களில் அந்த மீதிப் பாதியை அவர் நமக்குக் கற்பித்தார். பின்னர் நாமும் நூல்களைத் தேடிப் படித்தோம். அவற்றின் சாரத்தை இங்கே தருகிறோம்.

நம் ஒவ்வொருவரின் சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல அட்ரீனல் என்னும் சிறு சுரப்பி அமர்ந்திருக்கிறது. கார்ட்டிசால் அங்கேதான் சுரக்கிறது. விடியற்காலையில் மிகுந்தும், இரவில் குறைந்தும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் அளவில் சுரக்கும் அது, காய்ச்சல், காயம், அறுவை போன்ற நெருக்கடிகளில் பன்மடங்காகும். இச்சுரப்பி பழுதுபட்டால் மனிதன் நலிந்து மடிவதை இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் ஆடிசன் 1855ஆம் ஆண்டிலேயே விவரித்தார். அதே நீர் மிகுந்தால் முகம் உருண்டு, வயிறு பருத்து, எலும்பு நொய்ந்து போகும் நோயை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் விளக்கினார். குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு என்பது அன்றே தெளிவாயிற்று.

1948ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு, இவ்வகை மருந்தை மருத்துவர் பிலிப் ஹென்ச் முதன்முறையாகச் செலுத்தினார். சில நாட்களில் அப்பெண் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது. 1950ஆம் ஆண்டிலேயே ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், மருந்தை நீண்ட நாள் கொடுத்தவர்களிடம் குஷிங் விவரித்த அதே உருண்ட முகம் தோன்றலாயிற்று. அமுதமும் நஞ்சும் ஒரே கிண்ணத்தில் இருப்பதை மருத்துவ உலகம் அப்போதே கண்டுகொண்டது. பெயரில்லாத பொட்டலம் கட்டுவோர் கண்டுகொள்ளவில்லை. அல்லது கண்டும் கவலைப்படவில்லை.

இம்மருந்து உடலின் வளர்சிதை மாற்றத்தை, அதாவது உணவை ஆற்றலாகவும் தசையாகவும் மாற்றிச் சேமித்துச் செலவிடும் பணியை, எவ்வாறு திசை திருப்புகிறது? கார்ட்டிசால், நெருக்கடி காலத்தில் வீட்டை நடத்தும் காரியக்காரன் போன்றது. ஆபத்து வந்தால் உடனே சர்க்கரை வேண்டும். ஆகவே தசையிலுள்ள புரதத்தைக் கரைத்துக் கல்லீரலில் சர்க்கரையாக்குகிறது. இன்சுலினின் வேலையையும் மந்தமாக்குகிறது. ஓரிரு நாள் என்றால் இது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆண்டுக்கணக்கில் மாத்திரை வடிவில் அதே கட்டளை வந்துகொண்டிருந்தால்? கூரையின் கைமரங்களை உருவி அடுப்பெரிக்கும் குடும்பத்தின் கதைதான். தொடையும் தோளும் மெலிகின்றன, தோல் மெல்லிதாகிறது. கொழுப்பு கைகால்களை விட்டு முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் சேர்கிறது. குடல் சுண்ணாம்புச் சத்தைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் சோர்கின்றன. உப்பும் நீரும் தங்குவதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. காலையில் மாத்திரை உண்பவருக்குச் சர்க்கரை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் ஏறும். வெறும் வயிற்றுச் சோதனையை மட்டும் நம்பினால் ஏமாறக்கூடும். நாமே அவ்வாறு நெடுநாள் ஏமாந்தவர்தாம்.

குழந்தைகளுக்கோ இன்னொரு இழப்பும் உண்டு, அது உயரம். மூளையின் அடியில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி இருக்கிறது. குழந்தை ஆழ்ந்து உறங்கும்போது அது வளர்ச்சி ஹார்மோனை அலை அலையாக வெளியிடுகிறது. அந்த ஹார்மோன், கல்லீரலிலும் எலும்பிலும் மற்றொரு தூதுப்பொருளை உண்டாக்கி, நீண்ட எலும்புகளின் முனைகளிலுள்ள குருத்தெலும்புத் தட்டுகளை வளரச் செய்கிறது. வீடு கட்டுவதற்கு மேலிடத்துக் கட்டளையும், அதைக் கொண்டுசெல்லும் ஆளும், வேலை செய்யும் கொத்தனாரும் வேண்டுமன்றோ? நெடுங்கால ஸ்டீராய்டு இம்மூன்றிடத்தும் குறுக்கிடுகிறது. வளர்ச்சி ஹார்மோனைத் தடுக்கும் சொமட்டோஸ்டாட்டின் என்னும் பொருளை மூளையில் மிகுவித்துக் கட்டளையைக் குறைக்கிறது. தூதுப்பொருளின் ஆற்றலை மழுக்குகிறது. குருத்தெலும்புத் தட்டுகளின் உயிரணுக்களையே நேராகத் தாக்கி வேலையை நிறுத்துகிறது. உண்ணும் உணவோ உயரமாகாமல் கொழுப்பாகிறது. இடுப்பில் இறுகி, நீளத்தில் மாறாத அந்தக் காற்சட்டையின் பொருள் அன்று நமக்கு விளங்கியது.

“அப்படியானால் வளர்ச்சி ஹார்மோனையே ஊசியாகப் போட்டுவிடலாமே?” என்று மருத்துவரிடம் கேட்டோம். “போட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஃபாதர். சில பிள்ளைகளுக்குப் பயன் உண்டு. ஆனால், தட்டுகளிலேயே தடை இருக்கும்போது பயன் குறைவு. அந்த ஹார்மோனும் இன்சுலினை எதிர்ப்பது. ஆகவே சர்க்கரை இன்னும் ஏறக்கூடும். முதல் வழி, ஸ்டீராய்டின் அளவைக் குறைப்பதுதான்” என்றார். இந்நோய்க்கு முதன்முறை மருந்து கொடுக்கும்போது ஆறு வாரம் நாள்தோறும், பின் ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது நம் நாட்டுக் குழந்தைச் சிறுநீரக மருத்துவர்களின் வழக்கம். அந்த இடைநாள்தான் உடலுக்கு மூச்சுவிடும் நாள். வளர்ச்சியும் சுரப்பியும் ஓரளவு தலைதூக்கும் நாள். நோய் அடிக்கடி திரும்புவோர்க்கு, லெவமிசோல் போன்ற வேறு மருந்துகளைச் சேர்த்து ஸ்டீராய்டைக் குறைக்கிறார்கள். பையனுக்கும் அவ்வாறே செய்தார்கள். அளவு குறைந்தால், பின்தங்கிய குழந்தைகள் இழந்த வளர்ச்சியில் ஒரு பகுதியையேனும் ஓடிப் பிடிப்பதுண்டு.

இவ்வளவு கேடுள்ளதை ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இம்மருந்து இல்லாத காலத்தில், இந்நோய் கண்ட குழந்தைகளுள் பலர் நோய்த்தொற்றால் இறந்தனர். இன்றோ பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களிலேயே புரதக் கசிவு நின்றுவிடுகிறது. கொரோனா காலத்திலும், செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளிடையே இறப்பை மூன்றிலொரு பங்கு குறைத்தது, டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டுதான் என்று 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. அங்கே கொடுத்தது நாளுக்கு 6 மில்லிகிராம். அதுவும் 10 நாட்களுக்கு மேற்படாமல். தேவை, அளவு, காலம் ஆகிய மூன்றும்தான் அமுதத்தையும் நஞ்சையும் பிரிக்கும் வேலி.

திடீரென நிறுத்தினால் ஏன் ஆபத்து? வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது, ‘இனி நம் பணி தேவையில்லை’ என்று அட்ரீனல் சுரப்பி உறங்கிவிடுகிறது. சில வாரங்களுக்கு மேல் உண்டவருக்கு அது விழித்தெழ மாதங்கள் ஆகலாம். அதற்குள் மாத்திரையை நிறுத்தி, காய்ச்சலும் வந்துவிட்டால், நெருக்கடிக்குக் காரியக்காரனே வீட்டில் இல்லை. இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் ஊசலாடும். தியான இல்லத்தில் நமக்கும், நம் சொல்லால் அச்சிறுவனுக்கும் நேர்ந்தது இதுவே. நம் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து முற்றும் நிறுத்த ஓராண்டுக்கு மேலாயிற்று. இன்று இரைப்புக்கு உறிஞ்சும் மருந்தையே பயன்படுத்துகிறோம். அதிலும் ஸ்டீராய்டு உண்டு. ஆனால் மைக்ரோகிராம் கணக்கில், நேரே நுரையீரலுக்குச் செல்வது. அதைச் சிறுவயதில் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய பிள்ளைகள், பெரியவர்களானபின் 1.2 சென்டிமீட்டர் மட்டுமே உயரம் குறைந்திருந்தனர் என்று 2012ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கூறுகிறது. மூச்சுத் திணறலில் ஒரு பிள்ளையை இழப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிதா?

பெற்றோரே, இவற்றை மனத்தில் வையுங்கள். பெயரும் உட்பொருளும் எழுதாத பொடியையும் மாத்திரையையும் எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே நெடுநாள் உண்டிருந்தால், தாமாக நிறுத்தாமல் பொட்டலத்தோடு மருத்துவரிடம் செல்லுங்கள். மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டை, அவர் சொன்ன நாள்வரை, காலை உணவுக்குப்பின் கொடுங்கள். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மீண்டும் மீண்டும் வாங்காதீர்கள். குழந்தை இம்மருந்து உண்பதை ஒரு சீட்டில் எழுதிப் பள்ளிப் பையில் வையுங்கள். காய்ச்சல், வாந்தி, அறுவை நேரும்போதும், அண்டை அயலில் அம்மை கண்டபோதும், தடுப்பூசி போடுமுன்னும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உப்பையும் இனிப்பையும் குறைத்து, மருத்துவர் சொன்னபடி பாலும் பயறும் முட்டையும் கொடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை உயரம், எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண்ணையும் சோதியுங்கள்.

பையன் வீடு திரும்பிய அடுத்த ஞாயிறு, எந்த இடத்தில் நின்று தவறாகப் பேசினோமோ அதே இடத்தில் நின்று, “நாம் அறியாமல் பேசிவிட்டோம்” என்று மக்களிடம் மன்னிப்புக் கேட்டோம். முப்பதாண்டுக் குருத்துவ வாழ்வில் அதுபோல் நம் நா தடுமாறியதில்லை. திருப்பலி முடிந்தபின் அந்தத் தாய் வந்து, “அதற்கென்ன சாமி, பிள்ளை பிழைத்துவிட்டானே” என்றார். மன்னிப்பது அவருக்கு எளிதாயிருந்தது; ஏற்பது நமக்கு எளிதாயில்லை.

அன்றுமுதல் மாதத்தின் முதல் ஞாயிறன்று அவன் பங்கு இல்லத்திற்கு வருகிறான். கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்பான். தலைக்குமேல் அடிக்கோல் வைத்துப் பென்சிலால் கோடிடுவோம். முதல் ஐந்து மாதங்கள் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுந்தன. ஆறாம் மாதம் ஒரு நூலளவு இடைவெளி தெரிந்தது. சென்ற ஓராண்டில் அவன் ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான். பங்கு இல்லத்திற்கு அண்மையில் வண்ணம் பூச வந்தவர்கள் அக்கதவு நிலையையும் பூச முனைந்தார்கள். அதை மட்டும் விட்டுவிடச் சொன்னோம்.